கல்லூரி ஷூட்டரை எடுக்கலாமா? டிராஃப்ட் வாதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன் மாதம், அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் டிராஃப்ட் நெருங்கும்போது ஏதாவது ஓர் அணியின் ரசிகர்கள் இந்தக் கேள்வியில் இரண்டாகப் பிரிந்துவிடுவார்கள். கல்லூரி ஆட்டங்களில் தொலைவிலிருந்து த்ரீ (மூன்று புள்ளி எறி) போட்டுக் குவிக்கும் ஒரு பையன் இருக்கிறான். நம் முறை வரும்போது அவனை எடுக்கலாமா, விட்டுவிடலாமா? எடுக்கச் சொல்பவர்கள், கல்லூரி ஷூட்டராக வந்து பெரும் நட்சத்திரமான ஸ்டீபன் கர்ரியைக் காட்டுவார்கள். வேண்டாம் என்பவர்கள், அப்படியே வந்து நிலைக்காமல் போன ஜிம்மர் ஃப்ரெடெட்டைக் காட்டுவார்கள். இரண்டுமே உண்மையான உதாரணங்கள்தான். ஆனால் வாதம் அந்த இரண்டு பெயர்களோடு நின்றுவிட்டால், எதிரே இருக்கும் பையனின் ஆட்டத்தைப் பற்றி இரு தரப்பும் ஒன்றும் பேசவில்லை என்றுதான் அர்த்தம்.

டிராஃப்ட் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 30 அணிகள் இரண்டு சுற்றுகளில் முறைவைத்துப் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும். பிளே ஆஃப் போகாத அணிகளுக்கு முன்வரிசை. முதல் சில இடங்கள் குலுக்கலில் முடிவாகும். முதல் சுற்றில் வருபவருக்கு முதல் இரண்டு ஆண்டுச் சம்பளம் உறுதி, அடுத்த இரண்டு ஆண்டுகள் அணியின் விருப்பம். ஆகவே பத்துக்குள் ஒரு தேர்வு தவறிப்போனால் அணி இழப்பது பணத்தை மட்டுமல்ல, சில ஆண்டுகளையும்தான்.

இந்த வாதத்தை அதிகம் நடத்தி, அதிகம் விலை கொடுத்த ஊர் கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோ. அங்குள்ள கிங்ஸ் அணி 2006க்குப் பிறகு 16 பருவங்கள் தொடர்ந்து பிளே ஆஃப் பக்கமே போகவில்லை. லாஸ் ஏஞ்சலிஸுக்கும் மயாமிக்கும் போவதுபோல் பெரிய நட்சத்திரங்கள் அந்த ஊருக்குத் தாமாகக் குடிபெயர்வதில்லை. டிராஃப்டில் கிடைப்பதுதான் அவர்களுக்குக் கதி. அந்தக் காலத்தில் அவர்கள் எடுத்தவர்களைப் பாருங்கள்: 2011இல் 10ஆம் இடத்தில் ஜிம்மர் ஃப்ரெடெட், 2013இல் 7ஆம் இடத்தில் பென் மெக்லெமோர், 2014இல் 8ஆம் இடத்தில் நிக் ஸ்டாஸ்கஸ். மூவரும் கல்லூரியில் த்ரீ போட்டுப் பெயர் வாங்கியவர்கள். மூவருமே நிலைக்கவில்லை. அப்புறம் 2022இல் 4ஆம் இடத்தில் கீகன் மரே வந்தார், நிலைத்தார். என் உதாரணங்கள் பெரும்பாலும் இந்த அணியிலிருந்துதான்.

சதவீதத்தைப் பிடித்துத் தொங்குவது

"44 சதவீதம் த்ரீ போடுகிறான், இதற்கு மேல் என்ன வேண்டும்?" எல்லா வாதமும் இங்கேதான் தொடங்குகிறது. இதைவிடப் பலவீனமான சான்று வேறு இல்லை என்பது என் கருத்து.

கணக்கைப் பாருங்கள். ஒரு கல்லூரிப் பருவத்தில் ஓர் ஆட்டக்காரர் விளையாடுவது முப்பது, முப்பத்தைந்து ஆட்டங்கள். அதில் சுமார் 150 த்ரீ எறிகிறார் என்று வைத்துக்கொள்வோம். 60 விழுந்தால் 40 சதவீதம். 54 விழுந்தால் 36 சதவீதம். முழுப் பருவத்திலும் ஆறே ஆறு பந்துகள், அவ்வளவுதான் வித்தியாசம். வளையத்தில் பட்டு உள்ளே விழுந்ததா வெளியே தெறித்ததா என்பதிலேயே ஒருவர் "அருமையான ஷூட்டர்" பட்டத்திலிருந்து "சுமார்" பட்டத்துக்கு இறங்கிவிடலாம். 2023-24இல் கென்டக்கி பல்கலைக்கழகத்தின் ரீட் ஷெப்பர்ட் 144 எறிந்து 75 போட்டார், 52 சதவீதம். அது நிஜமான திறமைதான், அதனால்தான் ஹியூஸ்டன் அணி அவரை 3ஆம் இடத்தில் எடுத்தது. ஆனால் என்பிஏவில் எவரும் ஆண்டுதோறும் 52 போடுவதில்லை. அந்த எண்ணை அப்படியே எதிர்பார்த்த ரசிகர்கள், முதல் ஆண்டில் அவர் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து ஏமாந்தார்கள்.

சதவீதத்துக்கு முன்னால் பார்க்க வேண்டியவை இரண்டு. ஓர் ஆட்டத்துக்கு எத்தனை த்ரீ எறிகிறார்? ஃப்ரீ த்ரோ எப்படி? நிறைய எறிபவர், எதிரணி தன்னைக் குறிவைத்திருக்கும்போதும் எறிகிறார் என்று பொருள். கடினமான எறிகளும் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கும். ஃப்ரீ த்ரோவோ யாரும் மறிக்காத, தூரம் மாறாத, ஒரே இடத்திலிருந்து எறியும் எறி. கைத்திறன் மட்டும்தான் அதில் தெரியும். கல்லூரி வீரர்களை அலசுபவர்கள் என்பிஏ த்ரீயைக் கணிக்க, கல்லூரி த்ரீ சதவீதத்தோடு இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.

2006ஆம் ஆண்டு இதற்கு நல்ல உதாரணம். அந்தப் பருவம் முழுக்க அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து இரண்டு பேரைப் பற்றித்தான் பேசியது: கொன்சாகாவின் ஆடம் மாரிசன், டியூக்கின் ஜேஜே ரெடிக். இருவருடைய த்ரீயும் 42 சதவீதத்தை ஒட்டியது. மாரிசன் உயரமானவர், ஆகவே 3ஆம் இடத்தில் சார்லட் அவரை எடுத்தது. ரெடிக் 11ஆம் இடத்தில் ஆர்லாண்டோவுக்குப் போனார். ஆனால் ரெடிக் எறிந்த த்ரீகள் கிட்டத்தட்ட இரு மடங்கு. கல்லூரி வாழ்க்கை முழுவதிலும் அவருடைய ஃப்ரீ த்ரோ 90க்கு மேல். மாரிசனுடையது கடைசிப் பருவத்தில்கூட 80ஐத் தொடவில்லை. மாரிசன் முதல் ஆண்டில் தடுமாறினார், இரண்டாம் ஆண்டு தொடங்கும் முன்பே முழங்கால் தசைநார் கிழிந்தது, பிறகு எழவே இல்லை. அந்தக் காயத்தை மறந்துவிட்டு அவரைத் தோல்வி என்று சொல்வது நியாயமில்லை. ஆனாலும் காயத்துக்கு முன்பே எறி விழவில்லை என்பது உண்மை. ரெடிக் 15 பருவங்கள் ஆடினார், த்ரீ 41 சதவீதத்துக்கு மேல்.

அதற்காக ஃப்ரீ த்ரோவை மந்திரமாக்கிவிடக் கூடாது. ஜிம்மருடைய ஃப்ரீ த்ரோ 90ஐ ஒட்டியது. அவருடைய பிரச்சினை கையில் இல்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

கோடு எங்கே இருந்தது என்று பார்க்காதது

இது சின்னத் தவறு, ஆனால் அடிக்கடி நடக்கிறது. என்பிஏவின் த்ரீ கோடு வளையத்திலிருந்து மேல்வளைவில் 7.24 மீட்டர், மூலைகளில் 6.70 மீட்டர். ஆண்கள் கல்லூரிக் கோடு 2008 வரை 6.02 மீட்டர், பிறகு 6.32, 2019-20இலிருந்து 6.75. கிங்ஸ் எடுத்த அந்த மூவரும் 6.32 மீட்டர் காலத்தவர்கள். என்பிஏ மேல்வளைவு அவர்களுக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் பின்னால் போய்விட்டது. இன்றைய பையனின் 40 சதவீதத்தையும் 2011ஆம் ஆண்டுப் பையனின் 40 சதவீதத்தையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. அதோடு, பழக்கத்தில் கோட்டுக்கு ஓரடி பின்னால் நின்றே எறிபவரா, கோட்டை மிதிக்காமல் ஒட்டி நிற்பவரா என்று ஆட்டத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். புள்ளிவிவரப் பட்டியலில் அது இருக்காது.

எறி எப்படிப் பிறந்தது என்று கேட்காதது

ஒருவர் நின்ற இடத்தில் பந்து வந்து சேர்ந்து எறிகிறார். இன்னொருவர் ஸ்கிரீன்களை (எதிராளியை மறித்து நிற்கும் சக வீரர்களை) சுற்றி ஓடிக்கொண்டே பந்தைப் பிடித்து, உடலைத் திருப்பி எறிகிறார். மூன்றாமவர் தானே டிரிபிள் செய்து, எதிராளியைத் தள்ளாட வைத்து எறிகிறார். மூன்றும் பட்டியலில் ஒரே "3PA" (எறிந்த த்ரீகளின் எண்ணிக்கை) கட்டத்தில் விழும். ஆனால் மூன்றும் மூன்று வேலைகள்.

பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் ஜிம்மர் செய்தது மூன்றாவது வேலை. 2010-11இல் ஆட்டத்துக்கு 28.9 புள்ளிகள், நாட்டிலேயே முதலிடம். பந்து ஆட்டம் முழுக்க அவர் கையில். அரைக்கோட்டைத் தாண்டியதும் எறிவதற்கு அவருக்கு அனுமதி. சாக்ரமென்டோவில் பந்து டைரீக் எவன்ஸ் கையில் இருந்தது. அதே டிராஃப்டில் கடைசியாக, 60ஆம் இடத்தில் அவர்களே எடுத்த ஐசாயா தாமஸும் பந்து தன் கையில் வேண்டும் என்கிற ஆளாக வளர்ந்தார். ஜிம்மர் மூலையில் நின்று காத்திருக்கும் ஆளாக ஆக்கப்பட்டார். பல ஆண்டுகள் கழித்து, 2017இல், சீனாவில் ஷாங்காய் அணிக்காக ஒரே ஆட்டத்தில் 73 புள்ளிகள் எடுத்தார். அங்கே பந்து மறுபடியும் அவர் கையில் இருந்தது.

ஸ்டாஸ்கஸ் கதையும் இதுவே. அவரை "நின்று எறிபவர்" என்று எல்லோரும் வகைப்படுத்தினார்கள். ரெடிக், கைல் கோர்வர் என்று வெள்ளைக்கார ஷூட்டர்களோடு மட்டுமே ஒப்பிட்டார்கள். தோல் நிறத்தைப் பார்த்து ஒப்பிடும் இந்தப் பழக்கம் ரசிகர்களிடம் மட்டுமில்லை, தொலைக்காட்சியிலும் உண்டு. அதை விட்டுத்தொலைக்க வேண்டும். மிச்சிகனில் இரண்டாம் ஆண்டு ஸ்டாஸ்கஸ் செய்தது பிக் அண்ட் ரோலில், அதாவது சக வீரர் ஸ்கிரீன் போட்டு வளையத்தை நோக்கி ஓடும் ஆட்டத்தில், பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துவது. அதற்காகத்தான் 2014இல் பிக் டென் என்ற கல்லூரி அணிகளின் கூட்டமைப்பில் சிறந்த வீரர் ஆனார். அவரை எடுத்த அணியும் அந்த வேலையைக் கொடுக்கவில்லை, அவரும் என்பிஏவின் கனமான வீரர்களுக்கு எதிரே அதைப் பிடுங்கிக்கொள்ளவில்லை.

"ஷூட்டருக்கு டிஃபென்ஸ் எதற்கு?"

எல்லாத் தவறுகளிலும் பெரியது இதுதான். ஷூட்டரைப் பற்றி வாதிடும்போது வாதம் முழுக்க மைதானத்தின் ஒரு பாதியில்தான் நடக்கிறது.

2011 டிராஃப்டில் 10ஆம் இடத்தில் ஜிம்மர் போனார் அல்லவா? 11ஆம் இடத்தில், அடுத்த பெயராக, கோல்டன் ஸ்டேட் அணி வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கிளே தாம்ப்சனை எடுத்தது. அந்தப் பருவத்தில் இருவருடைய கல்லூரி த்ரீயும் 40க்கு ஒரு மயிரிழை கீழே, கிட்டத்தட்ட ஒரே எண். புள்ளிகளில் ஜிம்மர் வெகு தூரம் முன்னால். விருதுகளெல்லாம் ஜிம்மருக்கு. தொலைக்காட்சியில் வந்தது ஜிம்மர்.

ஆனால் ஜிம்மர் 6 அடி 2 அங்குலம், பக்கவாட்டில் வேகம் இல்லை. தாம்ப்சன் அவரைவிட நான்கைந்து அங்குலம் உயரம். பந்து இல்லாமல் ஓடிக்கொண்டே எறிவது அவருடைய இயல்பான ஆட்டம். கோல்டன் ஸ்டேட்டில் எதிரணியின் மிக ஆபத்தான கார்டை (வெளியிலிருந்து ஆடும் வீரரை) மறிக்கும் வேலை பல இரவுகளில் தாம்ப்சனுக்குத்தான் வந்தது. அதே அணியின் கர்ரி அதனால் கொஞ்சம் மூச்சு வாங்க முடிந்தது. நான்கு கோப்பைகளுக்குப் பின்னால் இருக்கும் ஏற்பாடு இது. ஜிம்மரைச் சாக்ரமென்டோ மூன்றாம் பருவம் முடிவதற்குள் விடுவித்துவிட்டது. அவர் என்பிஏ த்ரீ மோசமில்லை, மொத்தத்தில் 37 சதவீதம். மறுபாதியில் அவரை நிறுத்த இடமில்லாததால் எறிய நிமிடங்களே கிடைக்கவில்லை.

பிளே ஆஃபில் இது இன்னும் கொடூரமாகும். எதிரணி உங்கள் ஐந்து பேரில் யார் பலவீனமான தடுப்பாளர் என்று கண்டுபிடித்து, அவர் மறிக்கும் ஆளை வரவழைத்து ஸ்கிரீன் போட வைக்கும். அவர் ஆள் மாறித் தங்கள் நட்சத்திரத்தின் எதிரே வந்து நிற்கும்வரை விடாது. அடுத்த பந்திலும் அதேதான். பயிற்சியாளர் அவரை வெளியே உட்கார வைக்கும் வரை நடக்கும். ஆகவே "இவர் யாரை மறிப்பார்?" என்ற கேள்விக்குப் பெயர் சொல்லிப் பதில் தர முடியாதவரை, ஒரு ஷூட்டரைப் பத்துக்குள் எடுக்கச் சொல்லி வாதாடக் கூடாது என்பது என் நிலை.

உயரமும் கை நீளமும் மட்டுமே டிஃபென்ஸ் என்று அளப்பதும் தவறு. 2020 டிராஃப்டில் வந்த ஷூட்டர் டெஸ்மண்ட் பேனுடைய கை விரிப்பு அவர் உயரத்தைவிடக் குறைவு. அதைச் சொல்லியே பலர் அவரை ஒதுக்கினார்கள். ஆனால் உடல் வலு உண்டு, நிற்கும் இடம் தெரியும். தாக்குப்பிடித்தார்.

பையனை மட்டும் குற்றம் சொல்வது

ஸ்டாஸ்கஸ் முதல் ஆண்டில் 32 சதவீதம் த்ரீ போட்டார். "பஸ்ட்" (தோற்றுப்போன தேர்வு) என்று முத்திரை குத்தியாயிற்று. அந்த ஒரே பருவத்தில் சாக்ரமென்டோவுக்கு மூன்று தலைமைப் பயிற்சியாளர்கள்: டிசம்பரில் மைக்கேல் மலோன் நீக்கப்பட்டார், பிறகு டைரோன் கார்பின், பிப்ரவரியில் ஜார்ஜ் கார்ல். மூன்று பேருக்கும் மூன்று விதமான ஆட்டம். அதோடு, முந்தைய ஆண்டுதான் அதே இடத்துக்கு மெக்லெமோரை எடுத்திருந்தார்கள். இரண்டு இளம் ஷூட்டிங் கார்டுகள், ஒரே நிமிடங்களுக்குப் போட்டி. 2015 கோடையில், சம்பள வரம்பில் இடம் பிடிக்க ஸ்டாஸ்கஸைப் பிலடெல்பியாவுக்கு அனுப்பினார்கள், கூடவே ஒரு வருங்கால முதல் சுற்றுத் தேர்வையும். அந்த அணியை 2013இல் வாங்கியவர் மும்பையில் பிறந்த விவேக் ரணதிவே. என்பிஏ அணியொன்றின் பெரும்பங்கு உரிமையாளரான முதல் இந்தியப் பிறப்பாளர். அவருடைய முதல் ஆண்டுகள் முழுக்க இந்த அவசரம் தெரிந்தது.

ஷூட்டர் தானாக வாய்ப்பை உருவாக்கிக்கொள்பவர் அல்லர், பெரும்பாலும். அவருக்கு யாராவது எதிரணியின் இரண்டு பேரைத் தன் பக்கம் இழுக்க வேண்டும். 2022இல் கிங்ஸ் ரசிகர்களுக்குள் பெரும் சண்டை நடந்தது: பர்டூவின் வேகக்காரர் ஜேடன் ஐவியா, அயோவாவின் கீகன் மரேயா? ஐவியிடம் நட்சத்திரம் ஆகும் வாய்ப்பு அதிகம், மரே வெறும் பாதுகாப்பான தேர்வு என்று பலர் கொதித்தார்கள். நிர்வாகம் மரேயை எடுத்தது. அவர் போய்ச் சேர்ந்த இடத்தில் டியாரன் ஃபாக்ஸ் உள்ளே புகுந்தால் எதிரணியில் மூன்று பேர் அவர் பக்கம் சுருங்குவார்கள்; டொமாண்டஸ் சபோனிஸ் மேலே நின்று பந்தைக் கைமாற்றித் தருவார். மரே 206 த்ரீ போட்டு, அன்றுவரை இருந்த ரூக்கி (முதல் பருவ வீரர்) சாதனையை முறியடித்தார். 41 சதவீதம். கிங்ஸ் 48 ஆட்டங்களில் வென்று பிளே ஆஃபுக்குத் திரும்பியது.

அடுத்த இரண்டு பருவங்களில் மரேயின் த்ரீ 36, 34 என்று இறங்கியதையும் சொல்ல வேண்டும். அதே காலத்தில் எதிரணியின் சிறந்த ஆட்டக்காரரை மறிக்கும் பொறுப்பு அவர் மேல் விழுந்தது. எறி குறைந்தும் அவர் மைதானத்தில் இருந்தார் என்பதுதான் அவருக்கும் ஜிம்மருக்கும் உள்ள வித்தியாசம்.

மார்ச் மாதத்தை மட்டும் பார்ப்பது

கல்லூரி ஆட்டத்தைப் பலர் மார்ச் மாத நாக் அவுட் போட்டியில்தான் முதன்முதலாகப் பார்க்கிறார்கள். 2016இல் ஓக்லஹோமாவின் பட்டி ஹீல்ட் ஆரிகனுக்கு எதிராக 37 புள்ளிகள் எடுத்தார். அடுத்த ஆட்டத்தில், வில்லனோவாவிடம், 9. ஓக்லஹோமா 44 புள்ளி வித்தியாசத்தில் நொறுங்கியது. எந்த ஆட்டத்தைப் பார்த்தீர்களோ அதைப் பொறுத்து உங்களுக்கு அவர் கடவுள் அல்லது ஏமாற்று. நவம்பரிலும் ஜனவரியிலும் பாதி காலியான அரங்கங்களில் ஆடிய ஆட்டங்களில்தான் அவர் நிஜமாக யார் என்பது இருந்தது: நன்றாக எறியக்கூடியவர், டிஃபென்ஸில் சுமார். என்பிஏவிலும் அப்படியே ஆனார்.

வயதை ஒரு பக்கமாக மட்டும் படிப்பது

22 வயதுக்காரர் 18 வயதுப் பையன்களுக்கு எதிராக எடுத்த எண்ணைச் சற்றுக் குறைத்துத்தான் எடை போட வேண்டும், சரி. டெவின் புக்கர் கென்டக்கியில் பெஞ்சிலிருந்து வந்து ஆட்டத்துக்குப் பத்து புள்ளிதான் எடுத்தார். 2015இல் டிராஃப்ட் ஆனபோது வயது 18. ஆனால் வயதானவர் என்றாலே வளர மாட்டார் என்று தள்ளுவதும் அதே அளவு தவறு. கேமரன் ஜான்சனை 2019இல் 23 வயதில் 11ஆம் இடத்துக்குப் பீனிக்ஸ் கொண்டுவந்தபோது கேலி செய்தார்கள். இரண்டே ஆண்டில் அந்த அணி இறுதித் தொடரில் இருந்தது, அவரும் அதில் ஆடினார்.

முடிவைத் தெரிந்துகொண்டு பின்னோக்கித் தீர்ப்புச் சொல்வது

"மெக்லெமோரை எடுத்த இடத்தில் யானிஸை எடுத்திருக்கலாமே" என்று, பின்னால் பெரும் நட்சத்திரமான யானிஸ் ஆண்டெடோகூன்போவைச் சுட்டி இன்றும் சொல்கிறார்கள். யானிஸ் போனது 15ஆம் இடத்தில். மில்வாக்கி அவரை எடுக்கும் முன், மெக்லெமோருக்கு அப்புறமும் ஏழு தேர்வுகள் அவரைத் தாண்டிப் போயின. மெக்லெமோர் முதல் ஐந்துக்குள் போவார் என்று பேசப்பட்டவர், கான்சஸில் 42 சதவீதம் த்ரீ, துள்ளிக் குதிக்கும் உடல். அன்று கையில் இருந்த தகவலுக்கு அது மோசமான தேர்வு இல்லை. அடுத்த ஆண்டே அதே ஷூட்டிங் கார்டு வேலைக்கு இன்னொருவரை எடுத்ததுதான் கேள்வி கேட்க வேண்டிய தேர்வு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால், அடுத்த டிராஃப்டில் தவறான பாடத்தோடு போய் நிற்போம்.

விலையைக் கேட்காமல் "நல்லவரா" என்று மட்டும் கேட்பது

ஷூட்டர் நல்லவராகவே வந்தாலும் தேர்வு தோற்கலாம். 2017இல் டெட்ராய்ட் 12ஆம் இடத்தில் டியூக்கின் லூக் கென்னார்டை எடுத்தது. சொன்னதைச் செய்தார், 2021-22, 2022-23 இரண்டு பருவங்களிலும் லீக்கிலேயே மிக உயர்ந்த த்ரீ சதவீதம் அவருடையது. ஆனால் 13ஆம் இடத்தில் போனவர் டோனவன் மிட்செல். கல்லூரியின் கடைசிப் பருவத்தில் மிட்செலின் த்ரீ 35 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது. வேகமும் வலுவும் உள்ள ஒருவர் எறியக் கற்றுக்கொள்வது நடக்கிறது. எறியத் தெரிந்தவர் வேகத்தைக் கற்றுக்கொள்வது அபூர்வம்.

எதிர்ப்பக்கம் பாருங்கள். பேன் 2020இல் 30ஆம் இடத்தில், முதல் சுற்றின் கடைசிப் பெயராக மெம்ஃபிஸுக்கு வந்தார். 2025இல் ஆர்லாண்டோ அவரைப் பெற நான்கு முதல் சுற்றுத் தேர்வுகளைக் கொடுத்தது. டங்கன் ராபின்சன் மூன்றாம் டிவிஷன் கல்லூரியில் தொடங்கி மிச்சிகனுக்கு வந்தவர். 2018இல் எந்த அணியும் அவரை டிராஃப்ட் செய்யவில்லை. மயாமி சும்மா கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டது. 2019-20இல் 270 த்ரீ, 45 சதவீதத்தை ஒட்டி.

அதனால் உங்கள் அணி 5ஆம் இடத்தில் நிற்கிறதா, 25ஆம் இடத்திலா என்பதைப் பொறுத்து அதே பையனுக்கு உங்கள் பதில் மாற வேண்டும். 25இல் என்றால் ஃப்ரீ த்ரோவும் எறிகளின் எண்ணிக்கையும் நன்றாக இருந்தாலே நான் எடுக்கச் சொல்வேன். 5இல் என்றால், அவர் யாரை மறிப்பார், பந்து யார் கையில் இருக்கும், அவருக்காக எதிரணியை இழுக்கப்போகிறவர் யார் என்ற மூன்றுக்கும் பதில் வேண்டும். மூன்றில் ஒன்றுக்குப் பதில் இல்லை என்றாலும் அந்த இடத்தை வேறு அணிக்கு மாற்றிக்கொண்டு கீழே இறங்கி எடுக்கச் சொல்வேன். 2011இல் சாக்ரமென்டோவும் 7இலிருந்து 10க்கு இறங்கித்தான் ஜிம்மரை எடுத்தது. இறங்கியது சரி, அந்த மூன்று கேள்விகளைத்தான் கேட்கவில்லை.